வேகம் குறைத்தால் அணையும் வண்டி, காலையில் கிளம்பாத வண்டி

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் பைக்கைப் பாதி தூரம் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். வில்லியனூர்ப் பக்கம் போனாலும் பாகூர்ப் பக்கம் போனாலும் ஊருக்கு ஊர் வேகத்தடை, முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், அறுவடை நாட்களில் தார்ச்சாலையின் ஓரத்தில் காயும் நெல். தவளக்குப்பம் வந்து கடலூர் சாலையில் ஏறும்போது பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே இடைவெளி பார்த்துத் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஆக்சிலேட்டரை விட்ட கணத்தில் என்ஜின் அணைந்தால் வண்டி நடுச்சாலையில் நிற்கும், பின்னால் வருகிற பேருந்து நிற்காது. அதனால்தான் இந்தக் கோளாறை பிரேக் கோளாறுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். "கொஞ்சம் ரேஸ் கொடுத்துக்கிட்டே ஓட்டினா நிக்காது" என்று சமாளித்து ஓட்டுவது வேண்டாம்.

இன்னொரு புகார் காலையில் வருவது. திருபுவனைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் ஐந்து மணிக்குக் கிக்கர் அடிக்கிறார். வண்டி கிளம்புகிறது, சோக்கைத் தள்ளியதும் அணைகிறது. மறுபடி கிக்கர், மறுபடி சோக். தெருமுனை தாண்டினால்தான் நிதானத்துக்கு வருகிறது.

இரண்டும் வேறு வேறு நோய் போலத் தோன்றும். கார்பரேட்டர் உள்ள வண்டியில் பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் வராது. ஸ்லோ ஜெட் என்ற சிறு பித்தளைத் துண்டும் அதைத் தொடர்ந்து வரும் மெல்லிய துளைகளும்தான் அப்போது என்ஜினுக்கு எரிபொருள் ஊட்டுகின்றன. 100 சிசி வண்டிகளில் அந்த ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. வேகத்தடையில் வண்டி குறையும்போதும் அதன் தயவில்தான் ஓடுகிறது, காலையில் குளிர்ந்து கிடக்கும்போதும் அதன் தயவில்தான். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோல் தேவைப்படும். அதற்காகத்தான் சோக். ஸ்லோ ஜெட்டில் சிறிது அடைப்பு விழுந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பவை இந்த இரண்டு நேரங்கள்தான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அதே வண்டி எந்தக் குறையும் இல்லாமல் பறக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கும் உண்டு. மார்கழிப் பனியிலும் புதுச்சேரியின் விடியற்காலை வெப்பம் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டியில் ஒரு வண்டி இரண்டு நிமிடம் சோக் கேட்டால் நியாயம். கரிக்கலாம்பாக்கத்தில் அரை நிமிடத்துக்கு மேல் சோக் கேட்கிற வண்டிக்கு ஏதோ குறை இருக்கிறது. குளிர்மேல் பழி போடாதீர்கள்.

ஸ்லோவைத் தூக்கி வைப்பது வைத்தியம் ஆகாது

கடைக்குப் போனதும் பலர் கேட்பது, "ஸ்லோவைக் கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே." மெக்கானிக்கும் திருப்புளியை எடுத்து கார்பரேட்டர் பக்கவாட்டுத் திருகை அரைச்சுற்று முறுக்கி அனுப்பிவிடுவார். அணைவது நின்றுவிடும். ஆனால் அந்தத் திருகு ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். அடைப்போ காற்றுக்கசிவோ உள்ளே அப்படியே இருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி தானாக இழுத்துக்கொண்டு ஓடும், இறங்கும்போது என்ஜின் கொடுக்க வேண்டிய தடை குறையும், கியர் மாற்றும்போது டக்கென்று இடிக்கும், பெட்ரோல் வீணாகும். சில வாரத்தில் அடைப்பு கூடி மறுபடியும் அணைய ஆரம்பிக்கும், மறுபடி அரைச்சுற்று. ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளுக்கு ஐடிலிங் வேகம் நிமிடத்துக்கு 1,400 சுற்று, நூறு கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு மேல் வைத்தால்தான் நிற்காமல் ஓடுகிறது என்றால் வண்டி இன்னும் சரியாகவில்லை.

எப்போது அணைகிறது என்று பாருங்கள்

கருவிகளைத் தொடுவதற்கு முன் இரண்டு நாள் கவனியுங்கள். அணைகிற நேரமே பாதித் துப்பைக் கொடுத்துவிடும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது வழி தப்பிய காற்று உள்ளே வருகிறது. காலையில் ஒரே உதையில் கிளம்பி, சூடேறிய பிறகு சிக்னலில் அணைகிறது என்றால் நேர்மாறாகத் தேடுங்கள்: சோக் முழுதாகத் திரும்பாமல் பாதியில் சிக்கியிருக்கலாம், ஏர் பில்டர் புழுதியில் அடைத்திருக்கலாம், டேப்பெட் இறுக்கமாக இருக்கலாம், இக்னிஷன் காயில் சூட்டில் பலவீனமாகலாம்.

சில கிலோமீட்டர் நன்றாக ஓடி, பிறகு இழுத்து இழுத்து அணைந்து, பத்து நிமிடம் நிறுத்தினால் தானாகச் சரியாகிறதா? டேங்க் மூடியைத் திறந்து மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். உடனே சரியானால் மூடியில் இருக்கும் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் பெட்ரோல் கீழே வராது. செலவே இல்லாத வேலை இது; ஆனால் இதற்காகக் கார்பரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் அணைகிறதா? வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். அணைந்தால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் வளையும் வயரில் எங்கோ முறிவு. வேகம் கூடினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது.

கியரில் நிற்கும்போது மட்டும் அணைந்து, நியூட்ரலில் ஒழுங்காக ஓடினால் கார்பரேட்டரை விட்டுவிடுங்கள். கிளட்ச்தான் குற்றவாளி. லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுதாக விடுபடாது. பிரேக் போட்டதும் சக்கரம் என்ஜினைப் பிடித்து நிறுத்திவிடும். கேபிளை முறுக்கிச் சரிசெய்தால் போதும்.

நாமே செய்யக்கூடியவை

முதலில் பிளக். என்ஜின் ஆறிய பிறகு கழற்றி நுனியின் நிறத்தைப் பாருங்கள். இளம்பழுப்பு என்றால் எரிப்பு சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்றுக்கசிவு. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய் பூசினாற்போல் ஈரமாக இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது. அது கடைக்காரர் வேலை. உப்புத்தாளால் பிளக்கைத் தேய்த்து மறுபடி போடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். புதிய பிளக் விலை ஒரு லிட்டர் பெட்ரோலோடு ஒப்பிடும் அளவுதான். பாயின்ட் இடைவெளி எவ்வளவு என்பதை வண்டிக் கையேட்டில் பார்த்து அதன்படி வையுங்கள்.

அடுத்து ஏர் பில்டர். செங்கல், மணல் ஏற்றும் லாரிகளின் பின்னால் ஓடுகிற வண்டிக்கும் வைக்கோல் தூசி பறக்கும் களத்தோரம் நிற்கிற வண்டிக்கும் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர்க் கணக்கு பொருந்தாது. அதில் பாதியிலேயே திறந்து பாருங்கள். நுரைப் பில்டராக இருந்தால் கழுவி, உலர்த்தி, லேசாக ஆயில் விட்டுப் பிழிந்து போடலாம். காகிதப் பில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பில்டரையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் ஸ்லோ ஜெட் அடைப்பைத் தாங்களே வரவழைக்கிறார்கள். சிலிண்டரும் அதோடு தேயும்.

மூன்றாவது, கார்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பைப்பும் அதன் ஓரிங்கும். பத்து வருட வண்டியில் இந்த ரப்பர் வெடித்திருப்பது சாதாரணம். வண்டியை ஐடிலிங்கில் விட்டு அந்த இணைப்பைச் சுற்றிச் சிறிது தண்ணீர் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. சிலர் இதற்குப் பெட்ரோல் தெளிப்பார்கள். சூடான சைலன்சர் அருகே பெட்ரோலைத் தெளிப்பது உயிரோடு விளையாடுவது. தண்ணீர் போதும்.

பெட்ரோலைக் கண்ணாடியில் பாருங்கள்

இனிச் சொல்லப்போவது இந்த வட்டாரத்துக்கு மிக முக்கியமானது. கார்பரேட்டர்க் கிண்ணத்தின் அடியில் வடித்தெடுக்கும் திருகு ஒன்று இருக்கும். பெட்ரோல் டேப்பை மூடி, ஒரு சிறு கண்ணாடிப் புட்டியைக் கீழே பிடித்துத் திருகைத் தளர்த்துங்கள். வடிந்த பெட்ரோலை வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியாக உருளும் துளிகள் தண்ணீர். செம்பழுப்புத் துகள் டேங்கின் துரு. பச்சையோ மஞ்சளோ பிசினாக ஒட்டினால் பழைய பெட்ரோல் கெட்டியாகிக் கிடக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடல் பக்கத்து ஈரக்காற்று பாதி காலியான டேங்குக்குள் இரவில் குளிர்ந்து வியர்க்கும். மழையில் மூடிச்சாவித் துளை வழியாகவும் இறங்கும். இவற்றோடு எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுதும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவு வரை தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்பரேட்டருக்கு முதலில் போவது அந்த அடிப்பகுதிதான்.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்கு 13.5 அளவில் வருகிறது. பழைய ஜெட் பழைய அளவிலேயே எரிபொருளைக் கொடுப்பதால் என்ஜினுக்குள் காற்று மிஞ்சுகிறது. வேகத்தில் இது தெரியாது. காலைக் கிளப்பத்திலும் ஐடிலிங்கிலும் தெரியும். கார்பரேட்டர் வண்டிகள் பல, இந்தக் கலவை வந்த பிறகு காலையில் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து. பழைய டேங்கில் படிந்திருந்த பிசினை எத்தனால் கரைத்து ஸ்லோ ஜெட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு.

புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழகத்தைவிடக் குறைவு என்பதால் கேனில் வாங்கி வைத்துப் பிறகு ஊற்றுவோர் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள். தீ அபாயம் ஒரு பக்கம். வாரக்கணக்கில் கேனில் கிடந்த பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பத் தேவையானதே அந்தப் பகுதிதான். வாரம் இருமுறை மட்டும் எடுக்கிற வண்டி என்றால் டேங்கை முக்கால் பங்குக்குக் குறையாமல் வையுங்கள். நெடுநாள் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும்

கார்பரேட்டரைக் கழற்றத் தெரிந்தவர்கள் மட்டும் இந்தப் பகுதியைச் செய்து பாருங்கள். கிண்ணத்தைத் திறந்ததும் நடுவில் பெரியது மெயின் ஜெட், பக்கத்தில் ஒல்லியானது ஸ்லோ ஜெட். பொருத்தமான திருப்புளியால் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வட்டமாக, முழுதாக ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர்க் கடைக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை நூலிழை அளவு பெரிதானாலும் பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. ஊதியும் போகாத அடைப்பு என்றால் அதே எண் பொறித்த புதிய ஜெட்டைப் போடுங்கள். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து, உடலில் உள்ள துளைகளை ஊதாமல் மாட்டினால் பாதி வேலைதான். ஏர் ஸ்க்ரூவையும் கழற்றி அந்த வழியையும் ஊத வேண்டும். கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே முறுக்கி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தி இறுக்கினால் ஊசிமுனை நசுங்கும்.

மாட்டிய பிறகு பத்து நிமிடம் ஓட்டி என்ஜினைச் சூடாக்குங்கள். குளிர்ந்த என்ஜினில் செய்கிற டியூனிங் நிலைக்காது. ஸ்லோ திருகை வைத்து ஐடிலிங்கைச் சற்றே உயர்த்துங்கள். இப்போது ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பி, ஓட்டம் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஸ்லோ திருகால் வேகத்தை 1,400-க்கு இறக்குங்கள். திருகு ஏர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது: உள்ளே முறுக்கினால் பெட்ரோல் விகிதம் கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் அது எரிபொருளை அளக்கிறது: வெளியே எடுத்தால் கூடும். இரண்டையும் ஏர் ஸ்க்ரூ என்றே கடையில் சொல்வதால் தலைகீழாக முறுக்கிவிட்டுத் திணறுகிறவர்கள் அதிகம். எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய அமைப்பிலிருந்து கால் சுற்று பெட்ரோல் பக்கம் கூட்டினால் பல வண்டிகள் காலையில் ஒழுங்காக நிற்கின்றன.

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால் டேப்பெட். வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி இவ்வகை வண்டிகளில் 0.1 மில்லிமீட்டரையும் எட்டாது. அது இன்னும் குறைந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கம்பிரஷன் கசியும், மெதுவான ஓட்டத்தில் அணையும். டேப்பெட் சத்தம் கேட்கிறது என்று சொல்லிச் சத்தமே இல்லாமல் இறுக்கித் தரச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. லேசான சத்தம் நல்லது. இறுகிப்போன டேப்பெட் வால்வைச் சுட்டுவிடும். என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்துச் செய்பவரிடம் கொடுக்காதீர்கள்.

புது வண்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி வந்த பிறகு விற்ற பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டர் இடத்தில் இன்ஜெக்டர். சோக்கும் ஏர் ஸ்க்ரூவும் இல்லை. சாவியைப் போட்டதும் டேங்கிலிருந்து இரண்டு வினாடி ரீங்காரம் வரும். பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது. அது முடியும் முன் பொத்தானை அழுத்தாதீர்கள். மீட்டரில் என்ஜின் படம் போட்ட விளக்கு ஓடும்போதும் எரிந்தால் கோளாறு பதிவாகியிருக்கிறது. பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் முதலில் அதைச் சார்ஜ் செய்யுங்கள்; மின்சாரம் தளர்ந்தால் பம்பும் கணினியும் சேர்ந்து தடுமாறும். அது சரி என்றால், த்ராட்டில் பாடியில் படிந்த கரிதான் மெதுவோட்டத்தில் அணைவதற்குப் பெரும்பாலும் காரணம். அங்கே இருக்கும் திருகுகளைத் தொடவே வேண்டாம். ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள். டேங்கை ரிசர்விலேயே வைத்து ஓட்டும் பழக்கமும் பம்பைச் சூடாக்கிக் கெடுக்கும்.

ஹீரோ வண்டிகள் சிலவற்றில் ஐ3எஸ் என்ற பொத்தான் உண்டு. நியூட்ரலில் சில வினாடி நின்றால் என்ஜினை அணைத்து, கிளட்ச் பிடித்ததும் கிளப்பும். அதைக் கோளாறு என்று எண்ணிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சைடு ஸ்டாண்டு சுவிட்சில் சேறு படிந்தாலும் கியர் போட்டதும் அணையும் மாடல்கள் உண்டு. தண்ணீர் விட்டுக் கழுவிப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணை பெருகி பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் உதைத்துக் கிளப்ப முயல்வதுதான் மிகப் பெரிய தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மெதுவாக அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் மாற்றுங்கள். சிறிது ஓடவிட்டு மறுபடியும் மாற்றுங்கள். டேங்க், கார்பரேட்டர்க் கிண்ணம், ஏர் பில்டர்ப் பெட்டி எல்லாவற்றையும் வடித்துவிட்ட பிறகுதான் கிளப்ப வேண்டும். இப்படிக் கழுவிய வண்டி சில மாதம் கழித்துக் காலையில் கிளம்ப மறுத்தால், டேங்கின் துருவையும் வயர் இணைப்புகளில் பூத்த பச்சைக் களிம்பையும் முதலில் சந்தேகியுங்கள்.

கடையில் விடும்போது

"டியூனிங் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எப்போது அணைகிறது, சோக்கில் ஓடுகிறதா, கியரிலா நியூட்ரலிலா, பிளக் என்ன நிறம், கிண்ணத்தில் தண்ணீர் வந்ததா என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அந்த விவரத்துக்காகவே உங்களை மதிப்பார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். சூடான வண்டியைக் கடைவாசலில் ரேஸ் கொடுத்துக் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முடிந்தால் வண்டியை இரவு கடையிலேயே விட்டு, மறுநாள் காலை யாரும் தொடும் முன் நீங்களே போய்க் கிளப்புங்கள். சோக் அரை நிமிடத்தில் போக வேண்டும். தெருக்கோடி வேகத்தடையில் கிளட்ச் பிடித்து ஆக்சிலேட்டரை முழுதும் விட்டால் என்ஜின் அணையாமல் நிற்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.